காலையில் பூவெடுத்தவர்கள் எல்லாரும் வரிசையில் நில்லுங்கள்

என் ஓர்ப்படியாளாக அறிமுகமாகி, கூடப் பிறந்தவளாகவே ஆகிப்போன சரோஜா அக்காவுக்கு,

வீட்டில் உன் வீட்டுக்காரர், அதான் என் பெரியத்தான், காதில் விழும்படி என்றால் உன்னை 'நீங்க' என்பேன். தோட்டத்துக்குள் இறங்கிவிட்டால் 'நீ'தான். இது தோட்டத்துப் பேச்சு. அதனால் நீ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தியம் வாங்கினாயே, அதை நான் மீறிவிட்டேன். உன் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. உன் மகள் கவிதாவின் உயிர் அந்தச் சத்தியத்துக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது. உன் சத்தியமா, உன் மகளா என்று வந்தபோது நான் செத்த நேரம்கூட யோசிக்கவில்லை.

கவிதாவுக்கு நேற்று ரிசல்ட் வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதை மட்டும் சொன்னால் உனக்கு ஒன்றும் புரியாது. கொஞ்சம் பொறு.

இதை ஊர் படிக்கட்டும் என்றுதான் வெளிப்படையாக எழுதுகிறேன். கவிதாவிடம் கேட்டேன். "என் பேரையும் போடுங்க சித்தி, எவ என்ன சொல்லிருவா" என்றாள். உன் மகளா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நீ எதையுமே வாய்விட்டுச் சொன்னவள் இல்லையே.

உன்மேல் எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, அக்கா. நீ போய் இந்தத் தையோடு மூன்று வருஷம் ஆகப்போகிறது. உன்னை நினைத்தால் இப்போதும் அழுகைக்கு முன்னால் கோபம்தான் வருகிறது. ஒரு வார்த்தை என்னிடமாவது சொல்லியிருக்கலாம். பக்கத்துப் பாத்தியில்தானே நின்று பூவெடுத்துக்கொண்டிருந்தேன்?

நம் தோட்டத்து வழக்கம் உனக்குத் தெரியாததா? ஆனாலும் இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் மல்லிகைத் தோட்டத்துக்குள் வீட்டுக்குத் தூரமான பெண்கள் கால் வைக்கக் கூடாது. வைத்தால் செடி கருகும், மொட்டு சிறுத்துப்போகும் என்பார்கள். தூரமான நாட்களில் அவர்களுக்கு அடுத்த வயலில் கத்திரிச் செடிக்குக் களையெடுக்கிற வேலை. விடிகிற நேரத்தில் எவள் கத்திரிப் பக்கம் குனிந்து நிற்கிறாள் என்று பார்த்தாலே போதும், அவள் உடம்புச் சங்கதி தெருவுக்கே தெரிந்துவிடும். புருஷனுக்கு முன்னால் பூ ஏற்றிப்போகிற வேன்காரனுக்குத் தெரியும்.

மாதவிலக்கு நின்றுபோனவர்களுக்கு மட்டும் அந்தத் தொல்லை கிடையாது. வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் உள்ளே போகலாம். உனக்கு நின்றபோது பெரியத்தான் கோயிலுக்குப் போகிற பூவை உன்னிடம் ஒப்படைத்தார். வடக்கு ஓரத்து வரிசைச் செடிகள், தனிக் கூடை, வேறு யாரும் தொடக் கூடாது. அந்தக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நீ நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் உனக்கென்று யாரும் எதையும் கொடுத்ததில்லை. அது ஒன்றுதான் கிடைத்தது.

நின்றுபோன உதிரம் திரும்ப வந்தபோது நீ வாயைத் திறக்காததற்கு அதுதான் காரணம். திறந்தால் கூடை போய்விடும். கத்திரிப் பக்கம் போய் நிற்க வேண்டும். போதாக்குறைக்கு, நம் கூட்டத்தில் யாருக்கோ அப்படி வந்ததற்கு, நம்மோடு பூவெடுக்கிற பாண்டியம்மா, "அவளுக்கு வயசு திரும்புதுடி, மறுபடியும் கொமரியாகுறா" என்று கேலி செய்து தோட்டமே சிரித்தது. அதைக் கேட்டுவிட்டு நீ எப்படிச் சொல்லுவாய்?

பிறகு கெட்ட வாடையோடு வெள்ளைப்பட ஆரம்பித்தது. இடுப்பில் ஒரு பிடி மொட்டைச் செருகிக்கொண்டாய். பூத்தோட்டத்தில் யாருக்கு என்ன வாடை தெரியும்? எல்லார் மேலும் மல்லிகை வாசம்தான். எழுந்திரிக்க முடியாமல் விழுந்த அன்றைக்குத்தான் நமக்கெல்லாம் தெரிந்தது. மதுரையில் பார்த்தபோது முற்றிப்போய்விட்டது என்றார்கள். கர்ப்பப்பை வாயில் ஆரம்பித்து மூத்திரப்பை வரைக்கும் போயிருந்தது. கரண்ட் என்று கதிர்வீச்சு வைத்தார்கள். நீ பாதியாக ஆனாய்.

அந்த வார்டில்தான் என்னிடம் சொன்னாய். "கோயில் பூவ இந்தக் கையால எடுத்துப்புட்டு, உதிரம் படுதுன்னு எந்த வாயால சொல்லச் சொல்ற தனம்? சாமி பாத்துக்கிட்டுத்தான இருந்துச்சு. அதான் குடுத்துருச்சு" என்றாய். இதை அவரிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாய். சாகக் கிடக்கிறவளிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. சரி என்றேன்.

அதற்கப்புறம் உன் வீட்டுக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அவ?" காரியத்துக்கு வந்தவர்களிடம் கேட்டார். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரரிடம் கேட்டார். என்னிடமும் கேட்டார். பதில் என்னிடம்தான் இருந்தது. முழுங்கிக்கொள்வேன்.

இந்த வருஷம் ஆடி பிறப்பதற்கு முன்னால் நம் ஊருக்கு வருகிற ஸ்டெல்லா நர்ஸம்மா தோட்டத்துக்கே வந்தார். சமுதாயக் கூடத்தில் முகாம் போடுகிறோம், திண்டுக்கல்லில் இருந்து லேடி டாக்டர் வருகிறார், கல்யாணமாகி முப்பது தாண்டிய பெண்கள் எல்லாரும் வந்து பாப் ஸ்மியர் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அப்படி என்றால் என்ன என்று பாண்டியம்மா கேட்டாள். நர்ஸம்மா பொறுமையாகச் சொன்னார். கர்ப்பப்பை வாயில் சின்ன பிரஷ் மாதிரி ஒன்றை வைத்துத் தடவி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பூசி, பெரிதாகக் காட்டுகிற கண்ணாடி வைத்துப் பார்ப்பார்களாம். புற்று ஒரே நாளில் வந்து உட்காருவதில்லையாம். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே அந்த இடம் உள்ளுக்குள் மாற ஆரம்பித்துவிடுமாம். அப்போது வலிக்காது, ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தில் பிடித்துவிட்டால் புற்றாக ஆகவே விடாமல் எடுத்துவிடலாமாம். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லன்னு தோணுறப்பத்தான் இதப் பாக்கணும்" என்றார்.

அக்கா, உனக்கு இதை யாராவது சொன்னார்களா? எனக்காவது யாராவது சொன்னார்களா? பல வருஷம் உன் உடம்பு அவகாசம் கொடுத்திருக்கிறது. நாம் இரண்டு பேரும் அந்த வருஷங்களில் விடியக் கருக்கலில் எழுந்து மொட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

நர்ஸம்மா போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். தூரமாக இருக்கிற நாளில் எடுத்தால் சரியாகத் தெரியாது, அவர்கள் மட்டும் அடுத்த முகாமுக்கு வரலாம் என்று. நம் கூட்டம் அதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது.

முகாம் அன்றைக்குப் பூவை நிறுத்து வேனில் ஏற்றிவிட்டு நான் கூடத்துக்குப் போகக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் எல்லாரும் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்ன இம்புட்டு சீக்கிரம் முடிந்துவிட்டதா என்று கேட்டேன். பாண்டியம்மா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "நான் வீட்டுக்குத் தூரம்த்தா" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் தூரம். அதற்குப் பின்னால் நின்றவளும் தூரம். ஊரே ஒரே நாளில் தூரமாகிவிட்டது. உள்ளே நர்ஸம்மா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். பாவம், அவர் திண்டுக்கல் டவுன்காரர். பெண்கள் இப்படிச் சொன்னால் அதற்கு மேல் எப்படிக் கேட்பது?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வாசல்படியில் இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டேன்.

"காலையில பூவெடுத்தவங்க எல்லாரும் வரிசையில நில்லுங்க" என்றேன். "தூரம்னா மல்லிகைக்குள்ள எப்படி வந்தீங்க? இன்னைக்குக் கத்திரிப் பக்கம் ஒரு குருவியக்கூட நான் பாக்கல. இப்பவே போய்ப் பெரியத்தான்கிட்டச் சொல்லட்டா?"

 பாண்டியம்மாதான் முதலில் சிரித்தாள். "அடிப்பாவி, மடக்கிட்டியேடி" என்று செருப்பைக் கழற்றினாள். மூணு பிள்ளை பெற்றபோது காட்டியது பத்தாதா, இன்னும் எம்புட்டுத்தான் காட்டச் சொல்லுறீங்க என்று புலம்பிக்கொண்டே உள்ளே போனாள். அவள் போனதும் மற்றவர்களும் போனார்கள். அந்த வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன், அக்கா. அன்றைக்கு அதுதான் எனக்குக் கைகொடுத்தது.

பேசியவளே முதலில் படுக்க வேண்டும் அல்லவா? நான்தான் முதலில் படுத்தேன். காலை மடக்கி வைக்கச் சொன்னார் டாக்டரம்மா. உள்ளே குளிர்ச்சியாக ஏதோ ஒன்று, பிறகு லேசாகச் சுரண்டுவது மாதிரி. வலி என்று சொல்ல மாட்டேன், சங்கடம்தான். என் வீட்டுக்காரர், அதான் உன் கொழுந்தன், தண்ணீர் பாய்ச்சினாரா இல்லையா என்று யோசிக்க ஆரம்பித்தேன், அதற்குள் எழுந்திரிக்கச் சொல்லிவிட்டார். இதற்காகவா நாம் இத்தனை பயந்தோம்?

வெளியே வந்தால் எல்லாரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டிருக்கிறார்கள். கவிதா மட்டும் சுவரோரமாக நின்றாள். அவள் சிரிக்கவில்லை. வரிசையிலும் நிற்கவில்லை. வெட்கம் போல என்று நினைத்து, வாடி, நானே போய்விட்டு வந்துவிட்டேன் என்று கையைப் பிடித்து இழுத்தேன். 

"எனக்கு நெசமாவே படுது சித்தி" என்றாள்.

"அப்ப காலையில பூவெடுத்த?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவும் எடுத்துச்சுல்ல."

அக்கா, உன் ரகசியம் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்று மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவள் அடுத்த தெருவில்தானே வாக்கப்பட்டிருக்கிறாள். நீ விழுவதற்கு முன்னாலேயே உன் துணிகளைத் துவைக்கும்போது பார்த்துவிட்டாளாம். கேட்டதற்கு அவள் கையிலும் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாய். பெற்ற மகளிடமுமா? இதை நான் எப்படி ஜீரணிப்பேன்? உன் நோயைவிட இதுதான் எனக்குப் பெரிய அடி.

அவளுக்கு மாசக்கணக்காக இப்படி நடந்துகொண்டிருக்கிறது. மாதவிலக்கு முடிந்தும் நடுநடுவே படுகிறதாம். லாரி ஓட்டுகிற மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டுப் போனால் மறுநாள் கட்டாயம் படுகிறதாம். இதைச் சொல்வதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. நர்ஸம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். இன்றைக்கு உதிரம் இருப்பதால் ஸ்மியர் தெளிவாக வராது, ஆனால் இந்த மாதிரிப் படுவதை அடுத்த முகாம் வரைக்கும் தள்ளிப்போடக் கூடாது, உடனே திண்டுக்கல்லுக்கு வந்து டாக்டரைப் பாருங்கள் என்றார். எல்லாருக்கும் இது புற்றாகத்தான் இருக்கும் என்றில்லை, ஆனால் பார்க்காமல் விடவே கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

கவிதா வரமாட்டேன் என்றுவிட்டாள்.

கெஞ்சினேன். திட்டினேன். உன் பேத்தியை முன்னால் நிறுத்திக்கூடக் கேட்டேன். நகரவில்லை. "நீ போனதுக்கப்புறம் கோயில் பூவ நானும் எடுத்திருக்கேன் சித்தி, அப்பாவுக்கு முடியாத நாள்ல. அப்பவும் பட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு. அம்மாவுக்குக் குடுத்ததத்தான் சாமி எனக்கும் குடுத்திருக்கு. அத எந்த டாக்டர் எடுப்பாரு?" என்றாள். 'நீ போனதுக்கப்புறம்' என்று என்னிடம் பேசும்போதே உன்னிடம் பேசிவிட்டாள் பார். அப்பாவுக்குத் தெரிந்தால் நொறுங்கிப்போவார், தெரியவே கூடாது என்பதுதான் அவள் பிடித்த பிடி. உன் வார்த்தைதான் அவள் வாயில். நீ சொன்ன அதே குரல்.

அன்றைக்குச் சாயங்காலமே நான் பெரியத்தானைத் தேடிப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மடை மாற்றிக்கொண்டிருந்தார். உன் கொழுந்தன் வேண்டாம், அண்ணனிடம் இதையெல்லாம் ஒரு பொம்பளை பேசக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார். அண்ணன் பொண்டாட்டியைப் பேசாமலேதானே சுடுகாட்டுக்கு அனுப்பினோம் என்றேன். 

உன் வீட்டுக்காரர் முன்னால் நான் உட்கார்ந்து பேசியதே கிடையாது. அன்றைக்கும் நின்றுகொண்டுதான் பேசினேன். அக்கா ஏன் சொல்லவில்லை என்று ஊரெல்லாம் கேட்கிறீர்களே, நான் சொல்கிறேன் கேளுங்கள் என்று ஆரம்பித்தேன். நிறுத்தவில்லை. நின்றுபோன உதிரம் திரும்ப வந்ததைச் சொன்னேன். கூடையைச் சொன்னேன். இடுப்பில் செருகிய மொட்டைச் சொன்னேன். உன் மகளுக்கும் இப்போது அப்படித்தான் என்று சொன்னேன். மடையை உடைத்துக்கொண்டு தண்ணீர் பாதையில் ஓடியது. அவர் மண்வெட்டியைப் பிடித்தபடியே நின்றார்.

"உங்கக்கா எம்புட்டு நாளா மறச்சா?" என்றார்.

"ஒரு வருஷத்துக்கு மேல."

"கோயில் பூவையுமா?"

"கோயில் பூவையும்தான். அந்த வருஷம் எந்தச் செடி கருகுச்சு, சொல்லுங்க? மொட்டுத்தான் சிறுத்துச்சா? அதுக்கு முந்தியும் பிந்தியும் அப்படி வெளச்சல் நாம பாத்ததில்ல. சாமிக்குக் கோவம் இருந்திருந்தா அந்தப் பூவ வாங்கியிருக்குமா?"

அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.  "எனக்குப் பயந்துக்கிட்டா சொல்லாம இருந்தா?"

இல்லை என்று ஆறுதலுக்குப் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அக்கா. சாமிக்குக் கொஞ்சம், உங்களுக்குக் கொஞ்சம், உள்ள ஒரு இடமும் போய்விடுமே என்று கொஞ்சம் என்றேன். அந்த மனுஷன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நீ செத்த அன்றைக்குக்கூட அவர் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனால் மூன்று வருஷமாக மனசில் இருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

இருட்டுவதற்குள் கவிதா வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே கூப்பிட்டும் போகவில்லை. "சாமி ஒண்ணும் குடுக்கலத்தா. நாமதான் பாக்காம விட்டோம். காலையில மொத பஸ்ஸுக்குக் கெளம்பு, நானும் வாரேன்" என்றார். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறார் என்று கவிதாவுக்குப் புரிந்துவிட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றியா, கோபமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் பெண்கள் பார்க்கிற பக்கம் அவர் ஒருத்தர்தான் ஆம்பளை. கவிதாவின் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா சோதித்துப் பார்த்தார். உதிரம் நின்றதும் வரச்சொல்லி ஸ்மியர் எடுத்தார். அதில் கோளாறு தெரிகிறது என்று வந்தது. பிறகு லென்ஸ் மாதிரி ஒன்றை வைத்துப் பார்த்து, பொட்டுப்போலச் சதை எடுத்து அனுப்பினார்கள். அது வருகிற வரைக்கும் நாங்கள் பட்ட பாட்டை உன்னிடம் எப்படிச் சொல்வேன்? பெரியத்தான் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். உன் படத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு போகத்தான் காத்திருக்கிறாயோ என்றுகூடத் தப்பாகத் தோன்றியது. மன்னிச்சுக்கோ, இதற்கு மட்டும்.

புற்று இல்லை என்று வந்தது, அக்கா. ஆனால் விட்டிருந்தால் புற்றாக மாறியிருக்கும் என்றார் டாக்டரம்மா. அந்த நிலையில்தான் இருந்ததாம். கர்ப்பப்பையை எடுக்கத் தேவையில்லை, கெட்ட இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்றார். எடுத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெட்டி எடுத்ததின் ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறதா என்று சோதிக்க மறுபடியும் அனுப்பினார்கள். அதன் ரிசல்ட்தான் நேற்று வந்தது.

சுத்தம். ஓரத்தில் எங்கேயும் கெடுதல் இல்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். உன் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கவிதா பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் "பசிக்குது சித்தி" என்றாள். அவள் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை மாசமாகிவிட்டது. நிறையச் சாப்பிட்டாள். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள். நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மற்ற சேதியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. சில வருஷம் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டுமாம். பாண்டியம்மாவுக்குப் புண் இருந்தது, மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. வருஷக்கணக்காக அவளுக்கு இருந்த இடுப்பு வலி போய்விட்டதாம். இப்போது ஊரில் எல்லாரையும் டெஸ்ட்டுக்கு விரட்டுவது அவள்தான். எங்கள் எல்லாரையும் முதலில் தூரமாக்கியவள் நீதானே என்று கேட்டால், வாயைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

இன்றைக்குக் காலையில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். வெட்டி எடுத்த இடம் ஆறுகிற வரைக்கும் கொஞ்ச நாள் படத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். கவிதாவுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை. கனமாக எதையும் தூக்காதே என்று சொல்லித்தான் அழைத்து வந்தேன். வந்தவள் தானாகவே கத்திரிப் பக்கம் போய் நின்றுகொண்டாள். தோட்டத்தில் எல்லாரும் பார்த்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். 

பெரியத்தான் கோயில் கூடையை எடுத்துக்கொண்டு வரப்பு வழியாக அவளிடம் நடந்தார். அவளுக்கு ரத்தம் படுகிறது என்று தெரிந்தே நடந்தார். அவள் எழுந்து விலகப் பார்த்தாள். கூடையை அவள் கையில் கொடுத்தார்.

"உங்கம்மா எடுத்த எடம். போய் எடு ஆத்தா" என்றார்.

எல்லா வழக்கத்தையும் அவர் ஒரே நாளில் விட்டுவிட்டார் என்று சொல்ல மாட்டேன்.  மத்தியானம் கோயிலுக்குப் போய்ப் பூசாரியிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பூசாரி என்ன சொன்னார் என்று கேட்டேன். அவர் என்ன சொன்னால் என்ன, கூடை கவிதாவிடம்தான் இருக்கும் என்றார். எனக்கு அது போதும். பாண்டியம்மா அங்கேயே உரக்கச் சொல்லிவிட்டாள், இனிமேல் கத்திரிக்குக் களையெடுக்க அவள் போக மாட்டாளாம், வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? என்னைத் திட்டியிருப்பாயா? ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாயா? இரு, பரவாயில்லை. நீ உயிரோடு இருந்து என்னோடு பேசாமல் இருந்திருந்தால் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன் தெரியுமா?

இனி நான் கொடுக்கிற வாக்கைக் கேள். உன் பேத்திக்குப் பத்து வயசு முடியப்போகிறது. அந்த வயசுப் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராமல் தடுக்க ஊசி இருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னார். அவளுக்குப் போடுவேன். அடுத்த முகாமுக்கு நம் தெருவில் ஒருத்தியையும் வீட்டில் உட்கார விட மாட்டேன். எவளாவது மறைக்கிறாள் என்று தெரிந்தால் அவள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிடுவேன். யார் என் கையில் அடித்துச் சத்தியம் கேட்டாலும் கையை நீட்ட மாட்டேன்.

கவிதா மறுபடியும் போய்க் காட்ட வேண்டிய நாளை டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். கணக்குப் பார்த்தேன், சரியாக முகூர்த்தம் நெருங்குகிற நேரம். பூ விலை உச்சத்தில் இருக்கும், ஆள் கிடைக்காது, ஒரு நாள் விட்டாலும் நஷ்டம்தான். இருக்கட்டும். அன்றைக்குத் தோட்டத்து மொட்டு முழுக்கச் செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தாலும் சரி, நான் அவளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். அதற்கப்புறமும் ஏறுவேன். அவள் உன் வயசைத் தாண்டுகிற வரைக்கும் ஏறிக்கொண்டே இருப்பேன்.

உன் மகளுக்குச் சித்தியாகவும், நீ விட்டுப்போன இடத்தில் அம்மாவாகவும் நிற்கிற
உன் ஓர்ப்படியாள்,
தனம்